பன்னெண்டரை மணிக்கு நல்லா இருக்கற டப்பா – இதுவரைக்கும் செஞ்சு பாத்தது

பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கறா. காலைல டப்பா கட்டறது எங்க வீட்ல என் டிபார்ட்மென்ட், ஏன்னா வீட்டுக்காரம்மாவுக்கு காலை ஷிப்டு, ஆறரைக்கெல்லாம் கிளம்பிருவாங்க. நான் கோயமுத்தூர்ல பம்ப்செட்டு சர்வீஸ் பண்றவன், சமையல்காரன் கிடையாது. அதனால இத சமையல் குறிப்புன்னு படிக்காதீங்க, ஓடாத மோட்டார எங்க கோளாறுன்னு ஒவ்வொன்னா கழட்டி பாப்பமே, அந்த மாதிரி டிபன் பாக்ஸ கழட்டி பாத்த கதை.

கம்ப்ளைன்ட் இதுதான், டப்பா பாதிக்கு பாதி திரும்பி வருது. காலைல நான் ருசி பாக்கறப்ப நல்லாத்தான் இருக்கு, வீட்ல சனி ஞாயிறு அதே சாதத்த போட்டா தட்ட வழிச்சு சாப்புடறா, ஆனா ஸ்கூலுக்கு போனா மட்டும் "போதும்பா வயிறு நெறஞ்சுருச்சு"ங்கறா. யூட்யூப்ல பாத்தா எல்லாரும் அலங்காரம் பண்ண சொல்றாங்க, கேரட்ட பூ மாதிரி வெட்டு, சாதத்துல கரடி பொம்மை செய்யி, ஜப்பான்காரங்க பென்டோ அது இதுன்னு. நானும் அச்சு வாங்கி வட்டம் ஸ்டார்னு வெட்டி வெச்சேன், ஸ்டார் மட்டும் காணாம போயி மிச்சமெல்லாம் அப்படியே வந்துச்சு.

அப்பறம் ஒரு வேலை பண்ணுனேன். அவளுக்கு கட்டற அதே சாப்பாட்ட அதே மாதிரி இன்னொரு டப்பாவுல எனக்கும் கட்டிக்கிட்டேன், பட்டறைல ஓரமா வெச்சுட்டு சூடு பண்ணாம கிளறாம பன்னெண்டரைக்கு மூடிய தொறந்து அவ சைஸ் ஸ்பூன்லயே சாப்புட்டு பாத்தேன். இதுலயே முக்கால்வாசி விஷயம் வெளிய வந்துருச்சுங்க. காலைல ஏழேமுக்காலுக்கு நான் மூடுன சாப்பாடும் மத்தியானம் அவ தொறக்கற சாப்பாடும் ஒன்னே இல்ல. நெய் சாதம் வெரச்சு கட்டியா நிக்குது, சப்பாத்தி ஒரு பக்கம் தண்ணி கோத்துருக்கு இன்னொரு பக்கம் ரப்பரு, தோசைய பிய்க்க ரெண்டு கை வேணும், நூடுல்ஸ் டப்பா ஷேப்புலயே ஒரே பீஸா எந்திரிச்சு வருது. இத ஏழு வயசு பொண்ணு எப்படி சாப்புடும், நானே சாப்புடல.

சாப்பாட்டுக்கு முன்னாடி டப்பாவுலயே ஒரு கோளாறு இருந்துச்சு. நாலு பக்கமும் கிளிப் வெச்ச ஏர்டைட் டப்பா, கடைல தொறந்தா ஈசியா தொறக்குது, ஆனா மத்தியானம் மூடி ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது. பாப்பாகிட்ட கேட்டா "மிஸ்ஸுகிட்ட குடுத்து தொறப்பேன்பா, அங்க லைனா நிப்பாங்க"ங்கறா. எனக்கு இது தெரிஞ்ச சமாச்சாரம்தான், சூடா மூடுனா உள்ள இருக்கற ஆவி ஆறி தண்ணியாயிரும், காத்தும் சுருங்கும், உள்ள பிரஷர் கம்மியாகி வெளிக்காத்து மூடிய அமுக்கி புடிச்சுக்கும். வேக்கம். எவ்வளவு நல்ல வாஷரோ அவ்வளவு இறுக்கமா புடிக்கும். இருக்கறதே இருவது இருவத்தஞ்சு நிமிஷ லஞ்ச், அதுல கை கழுவ லைன், மூடி தொறக்க லைன்னா சாப்புட எங்க நேரம் இருக்கும். இதுக்கு ரெண்டு வழி, ஒன்னு மூடில சின்ன ரப்பர் பொத்தான் வெச்ச டப்பா வாங்கறது, அத தூக்கிவிட்டா காத்து உள்ள போயி மூடி லூசாயிரும். இன்னொன்னு சும்மா ஆறவெச்சு மூடறது, நான் இதத்தான் பண்றேன். வாஷர்ல ஒரு சொட்டு தேங்காஎண்ணெய் தடவி விட்டுட்டா இன்னும் சுலபம்.

அந்த வாஷர வாரத்துக்கு ஒருக்கா கழட்டி கழுவுங்க. ஸ்பூன் காம்ப உள்ள விட்டு நெம்புனா வந்துரும். அதோட பள்ளத்துல எண்ணெயும் கறுப்பும் சேந்து ஒரு நாத்தம் புடிக்கும் பாருங்க, என்ன ஐட்டம் வெச்சாலும் தொறந்தவுடனே அதுதான் மூக்குல ஏறும். சுடுதண்ணில ஆப்பசோடா போட்டு ஊறவெச்சு மொட்டமாடில வெயில்ல காயப்போட்டா போயிருது. எவர்சில்வர் டப்பாவே நல்லது, மஞ்சக்கறை புடிக்காது, புளி எலுமிச்சைக்கு ஒன்னும் ஆகாது. அலுமினியம் பாயில்ல எலுமிச்சை சாதம் புளிசாதம் சுத்தாதீங்க, புளிப்பு அலுமினியத்த அரிக்கும்.

இப்ப ஆறவெக்கற விஷயம். அடுப்புலருந்து எறக்குன சாதத்த அகலமான தாம்பாளத்துல பரப்பி பேனுக்கு கீழ பத்து நிமிஷம். அவ்வளவுதான். மூடில ஆவி கோத்து சொட்டு சொட்டா திரும்ப சாதத்துமேல விழறது நின்னுருச்சு, ஜப்பான்காரங்களும் இதே மாதிரிதான் சோறு ஆறுனப்பறம்தான் மூடி போடுவாங்களாம், அவங்ககிட்டருந்து கத்துக்கறதுன்னா கரடி பொம்மைய விட இதத்தான் மொதல்ல கத்துக்கணும். சூடாத்தான் வேணும்னா அதுக்குன்னு இருக்கற ஹாட்பேக் மாதிரி ரெட்டைச்சுவரு ஸ்டீல் டப்பா வாங்கி, கொதிக்கற தண்ணிய அதுல ஊத்தி அஞ்சு பத்து நிமிஷம் மூடிவெச்சு, கொட்டிட்டு, ஆவி பறக்கற சாப்பாட்ட முழுசா நெறச்சு மூடணும். அரை டப்பா போட்டா சூடு நிக்காது. இந்த வெதுவெதுன்னு ரெண்டுங்கெட்டானா வெக்கறதுதான் மோசம், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமி நல்லா வளரும், அதுலயும் பேசில்லஸ் சீரியஸ்னு ஒன்னு, அரிசில இருக்கும், வேகவெச்சாலும் அதோட வித்து சாகாது, வெதுவெதுப்பான சோத்துல முளைச்சு பெருகும், வாந்தி வயித்தாலைன்னு படுக்கவெச்சுரும்.

அப்ப ஆறவெச்சு அஞ்சு மணி நேரம் கழிச்சு சாப்புடறது மட்டும் பரவால்லியான்னு கேப்பீங்க. நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன், அப்ப எங்க அம்மா போற போக்குல ஒன்னு சொன்னாங்க, "கட்டுச்சோறு கட்டறவங்க என்னத்தடா கட்டுவாங்க, புளிசோறும் தயிர்சோறும்தான, வெறும் பருப்பு சோத்தையா கட்டுவாங்க"ன்னு. அட ஆமான்னு தோணுச்சு. பழனிக்கு நடக்கறவங்க, ஆடி நோம்பிக்கு பவானி கூடுதுறைக்கு போறவங்க எல்லாம் தூக்கிட்டு போறது புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம். புளிப்பு இருந்தா கிருமி லேசுல வளராது, நல்லெண்ணெய் இருந்தா சோறு வெரைக்காது, ஆறுனப்பறம்தான் உப்பும் காரமும் அரிசிக்குள்ள எறங்கி ருசியே வரும். காலைல செஞ்சு மத்தியானம் சாப்புடறதுக்குன்னே இந்த ஊரு கண்டுபுடிச்சு வெச்ச சாப்பாடு, நான் அத விட்டுட்டு பிரைட் ரைஸ் கட்டிக்கிட்டு இருந்துருக்கேன்.

அன்னைலருந்து என் கணக்கு மாறிருச்சு. மத்தியானம் வரைக்கும் கெடாம தாக்குப்புடிக்கறது எதுன்னு தேடறத விட்டுட்டு, மத்தியானத்துக்கு காலைய விட நல்லா ஆகறது எதுன்னு தேட ஆரம்பிச்சேன்.

அந்த லிஸ்ட்ல மொத ஆளு தயிர் சாதம். காலைல தயிர ஊத்தி பெசஞ்சு அனுப்புனா மத்தியானம் புளிச்சு கட்டியாகி வரும், எல்லாரும் பாத்துருப்பீங்க. தயிர் சாதத்துல தயிர போடக்கூடாதுங்க, பால போடணும். ஒரு டம்ளர் அரிசிக்கு நாலு டம்ளர் தண்ணி வெச்சு கொழைய வேகவெச்சு சூட்டோட மசிச்சுட்டு, கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் காச்சி ஆறவெச்ச பால் ஒன்னரை டம்ளர் ஊத்தி பாயசம் மாதிரி தளதளன்னு ஆக்கி, அதுல ரெண்டே ரெண்டு ஸ்பூன் தயிர், உப்பு, தாளிப்பு. காலைல பாத்தா தண்ணியா அசிங்கமா இருக்கும், பயப்படாதீங்க, டப்பாவுக்குள்ளயே உறைஞ்சு பன்னெண்டரைக்கு புளிக்காத புத்தம்புது தயிர் சாதமா இருக்கும். மார்கழி தை குளுருல ரெண்டு ஸ்பூன் பத்தாது, கால் டம்ளர் போடுங்க, சித்திரை வெயிலுக்கு ஒரு ஸ்பூனே ஜாஸ்தி. மேல மாதுளை, கேரட் துருவல் போடலாம். வெள்ளரிக்கா வேண்டாம், தண்ணி விட்டுரும். நம்ம பொண்ணுக்கு இதுல புடிச்ச விஷயம் என்னன்னா காலைல ஸ்பூன தூக்குனா ஒழுகற டப்பாவ காட்டி "மத்தியானம் பாரு"ன்னு சொல்லி அனுப்பறது, போயி தொறந்து பாக்கறா, தொறந்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

புளிசாதத்துக்கு ஞாயித்துக்கிழமை புளிக்காய்ச்சல் காச்சி பாட்டில்ல போட்டு பிரிட்ஜ்ல வெச்சுர்றேன், எண்ணெய் மேல மிதக்கற அளவுக்கு நல்லெண்ணெய் ஊத்தி சுண்ட காச்சுனா ரெண்டு வாரம் தாராளமா நிக்கும், ஈர ஸ்பூன் மட்டும் போடக்கூடாது. காலைல சாதம் மட்டும் வடிச்சா போதும். பிள்ளைங்களுக்குன்னா மொளகாய கம்மி பண்ணி ஒரு துண்டு வெல்லம் சேருங்க. கடலைய மட்டும் காய்ச்சல்லயே போட்டு வெக்காதீங்க, நமுத்துரும், தனியா வறுத்து வெச்சு டப்பா கட்டறப்ப மேல தூவணும். எல்கேஜி யுகேஜி குழந்தைங்களுக்கு முழு கடலை வேண்டாம், தொண்டைல அடச்சுக்கும், பொடிச்சு போடுங்க. திராட்சையும் அப்படித்தான், நீளவாக்குல வெட்டி குடுக்கணும்.

எலுமிச்சை சாதம் பத்தி ரெண்டு விஷயம், சாற அடுப்புல இருக்கறப்ப ஊத்துனா கசக்கும், எறக்கி வெச்சுதான் புழியணும். அரிசி சாதா பொன்னியே போதும், பாஸ்மதி சூடா இருக்கறப்ப வாசமா இருக்கு, ஆறுனா குச்சி குச்சியா வெரச்சுக்குது.

எங்க ஊரு அரிசிம்பருப்பு சாதம்தான் என்னைய ரொம்ப பாடுபடுத்துச்சு, ஏன்னா வீட்ல எல்லாருக்கும் அது உசுரு, டப்பாவுல மட்டும் சிமெண்டு. பருப்பு ஆற ஆற தண்ணிய இழுத்துக்கிட்டே இருக்கும், மேல ஊத்தற நெய் உறைஞ்சு இன்னும் இறுக்கி புடிச்சுக்கும். நெய்ய காலைல சாப்புடற தட்டுக்கு மட்டும் வெச்சுட்டு டப்பாவுக்கு கடலெண்ணெய்லயே தாளிச்சேன், வழக்கமா வெக்கற தண்ணிக்கு மேல முக்கா டம்ளர் சேத்து வெச்சேன். காலைல கஞ்சி மாதிரிதான் இருக்கு, மத்தியானம் உதிரியும் இல்லாம கட்டியும் இல்லாம பதமா வருது. சின்ன வெங்காயம் பூண்டெல்லாம் நெறைய போடலாம், அவ பொறுக்கி வெக்கறது தக்காளி தோல மட்டும்தான். ஆனா இது புளிப்பு இல்லாத சோறு, அதனால குளுர் மாசத்துல மட்டும்தான் டப்பாவுக்கு. இல்லன்னா அந்த ஹாட்பேக் டப்பாவுல சுடச்சுட.

(நான் படிச்சது பஞ்சாயத்து ஸ்கூலு, எம்.ஜி.ஆர் 1982ல கொண்டுவந்த சத்துணவு. அங்கயே அடுப்பு மூட்டி சமைச்சு ஆவி பறக்க தட்டுல போடுவாங்க, இந்த ஆறிப்போற பிரச்சனையே அங்க கிடையாது. பீஸ் கட்டி படிக்கவெச்சு ஆறுன சோறு திங்க அனுப்பறோம்னு எங்கப்பா அப்பப்ப குத்திக்காட்டுவாரு.)

டிபன் ஐட்டங்களுக்கு வர்றேன். இட்லி ஆறுனாலும் பரவால்ல, ஆனா மேல தோல் காஞ்சு போயிரும். லேசா சூடு இருக்கறப்பவே பொடியும் நல்லெண்ணெய்யும் கொழைச்சு எல்லாப்பக்கமும் பொரட்டிட்டா அந்த எண்ணெய் ஈரத்த வெளிய விடாது. சின்ன இட்லி தட்டு ஒன்னு வாங்கிக்கங்க, அதுல ஊத்துனா ஒரு வாய்க்கு ஒன்னு, பிய்க்க வேண்டிய வேலை இல்ல. மாவு ஆட்டறப்ப ஒரு கைப்பிடி அவல் ஊறவெச்சு சேத்தா மத்தியானம் வரைக்கும் மெத்துன்னு இருக்கு. தேங்கா சட்னிய அனுப்பவே அனுப்பாதீங்க, பத்தரை மணிக்கே ஊசிரும்.

தோசைல முறுகல் ரோஸ்ட்டுதான் டப்பாவுக்கு ஆகவே ஆகாத ஐட்டம். தடிமனா கல்தோசை, ஊத்தாப்பம் ஓகே. அத விட பணியாரம் நூறு மடங்கு மேல். மூனாம் நாள் புளிச்ச மாவுல சின்ன வெங்காயம், கேரட், கறிவேப்பிலை பொடியா நறுக்கி தாளிச்சு கொட்டி பணியாரக்கல்லுல ஊத்துனா, வெளிய எண்ணெய் பட்ட தோல் உள்ள இருக்கற ஈரத்த காப்பாத்திரும், ஆறுனா ருசி கொறையாது, கைல புடிக்கலாம், முக்கியமா பங்கு போட்டுக்கலாம். இந்த பங்கு விஷயம் எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது. அங்க நாலஞ்சு பேரு வட்டமா ஒக்காந்து ஒருத்தர் டப்பாவுல ஒருத்தர் கைய விட்டுத்தான் சாப்புடறாங்க, சாதம்னா எடுத்து குடுக்க முடியாது, உருண்டையா எண்ணிக்கையா இருந்தா "உனக்கு ரெண்டு எனக்கு ரெண்டு"ன்னு ஓடிரும். அதனால பணியாரம் வெச்சா ஒன்னு ரெண்டு சேத்தே வெக்கறேன், இல்லன்னா இவ பட்டினி.

சப்பாத்திக்கு கொதிக்கற தண்ணி ஊத்தி கரண்டியால கிளறிட்டு அப்பறம் பெசயணும், மாவு பாதி வெந்த மாதிரி ஆயி தண்ணிய புடிச்சுவெச்சுக்கும். ஒரு ஸ்பூன் எண்ணெய், அரை மணி நேரம் ஊறல், கொஞ்சம் தடியா தேச்சு நல்ல தீயில சட்டுன்னு சுட்டு எடுக்கணும். சிம்முல வெச்சு பொறுமையா சுட்டா தண்ணியெல்லாம் ஆவியாயி அப்பளமாயிரும். துணில போட்டு ஆறுனப்பறம் உள்ள உருளைக்கெழங்கு பொரியலோ முட்டை பொடிமாஸோ வெச்சு இறுக்கி சுருட்டி ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி நெருக்கமா அடுக்கிட்டா பிரியாது. பல்குச்சி குத்தி அனுப்பாதீங்க, பசங்க அத வெச்சு என்ன பண்ணுவாங்கன்னு சொல்ல முடியாது.

வேகவெச்ச முட்டைக்கு ஒரு புகார் வந்துச்சு, "டப்பா தொறந்தா எல்லாரும் மூக்க மூடறாங்க"ன்னு. அதிக நேரம் கொதிச்சா வெள்ளைல இருக்கற கந்தகமும் மஞ்சள்ல இருக்கற இரும்பும் சேந்து மஞ்சக்கருவ சுத்தி பச்சையா ஒரு வளையம் வரும் பாத்துருக்கீங்களா, அந்த அளவுக்கு போனா நாத்தமும் கூட வரும். கொதிக்கற தண்ணில பத்து நிமிஷம், எடுத்து உடனே பச்சத்தண்ணில போட்டா வளையமும் இல்ல நாத்தமும் அவ்வளவா இல்ல. நல்லா ஆறவெச்சு முழுசாவே வெச்சு மொளகு உப்ப ஒரு பேப்பர்ல மடிச்சு தனியா குடுக்கறேன், அவளே கடிச்சு தொட்டு சாப்புடறா.

நூடுல்ஸ், பாஸ்தா எல்லாம் லீவு நாளைக்கு. சேமியா மட்டும், வறுத்து கொதிதண்ணில போட்டு எடுத்து பச்சத்தண்ணில அலசி வடிச்சு தாளிச்சா ஒட்டாம வருது. பிரெட் சான்ட்விச்னா ரெண்டு பிரெட்லயும் ஓரம் வரைக்கும் வெண்ணெய் தடவுங்க, தக்காளி தண்ணி பிரெட்டுக்குள்ள எறங்காது.

சரி, வேடிக்கைக்கு வருவோம். கரடி பொம்மை செய்ய எனக்கு கை வராது, காலைல நேரமும் கிடையாது. ஆனா அந்த "மத்தியானம் பாரு" விஷயம் நல்லா வேலை செஞ்சதால அதே வழில மத்தது தேடுனேன், காலைல ஒன்னும் தெரியாது, பன்னெண்டரைக்குத்தான் தெரியணும்.

ரொம்ப ஹிட்டானது வாழப்பழம். நல்லா மஞ்சளா பழுத்த பூவன் பழத்தோட தோல்ல பல்குச்சி முனையால புள்ளி புள்ளியா குத்தி எழுதணும், மேலாப்புல, சதை வரைக்கும் போகக்கூடாது. எழுதறப்ப ஒன்னுமே தெரியாது. குத்துன எடத்துல காத்து பட்டு கொஞ்சம் கொஞ்சமா கறுத்து, ஸ்நாக்ஸ் டைம்ல லேசாவும் லஞ்சுக்கு பளிச்சுன்னும் எழுத்து வந்துரும். அவ பேரு, பூனை மூஞ்சி, மொத நாளு சொல்லாம விட்ட விடுகதைக்கு விடை, இப்படி. ஆப்பிள் கறுக்குதே அதே சங்கதிதான், அங்க நமக்கு வேண்டாம், உப்பு தண்ணில ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்து நிறுத்தறோம், இங்க வேணும்னே கறுக்க விடறோம்.

அடுத்தது சங்குப்பூ சாதம். எங்க வீட்டு காம்பவுண்டுல நீல சங்குப்பூ கொடி இருக்கு, இதுவரைக்கும் சாமிக்கு மட்டும்தான் பறிச்சோம். பத்து பன்னெண்டு பூவ பச்சை காம்ப கிள்ளிட்டு ஒரு டம்ளர் கொதிதண்ணில போட்டா கரு நீலமா எறங்கும், அந்த தண்ணிய சேத்து சாதம் வெச்சா நீலக்கலர் சோறு. மலேசியால இப்படி நீல சோறு சகஜமா சாப்புடறாங்க, நம்ம ஊர்லதான் பாத்தா அலர்றாங்க. நீலத்துல மஞ்சத்தூள் போட்டா பச்சையாயிரும், அதனால வெள்ளையா கடுகு உளுந்து முந்திரி கறிவேப்பிலை தாளிச்சு, உப்பு போட்டு, நல்லா ஆறவெச்சு கட்டி, கூட ரெண்டு துண்டு எலுமிச்சைய கொட்டை எடுத்து தனி மூலைல வெச்சு அனுப்புனேன். அங்க போயி எலுமிச்சைய புழிஞ்சு கிளறுனா கண்ணு முன்னாடியே நீலம் போயி ஊதாவாகி ரோஸ் பக்கம் போகும், புளிப்பு பட்டா அந்த சாயம் மாறும். கிளாஸ் பூரா வேடிக்கை பாத்துருக்கு. சாயங்காலம் ஒரு பருக்கை மிச்சமில்ல, ஆனா பாதிய மத்த பசங்கதான் சாப்புட்டுருப்பாங்கன்னு வைங்க. ஒன்னே ஒன்னு, எலுமிச்சை சேராத வரைக்கும் இதுவும் புளிப்பில்லாத சோறுதான், அதனால குளுர் மாசத்துல ஸ்பெஷல் ஐட்டம், அடிக்கடி பண்ணுனா மவுசும் போயிரும்.

எழுத்து தோசையும் ஒரு நாள் பண்ணுனோம். மூக்கு வெச்ச சாஸ் பாட்டில்ல மாவ ஊத்தி கல்லுல எழுத்த எழுதி, அது செவந்ததும் மேல மாவு ஊத்தி மூடி திருப்பிப்போட்டா, வெளிர் தோசைல எழுத்து மட்டும் செவப்பா வரும். ஆனா கண்ணாடில பாக்கற மாதிரி இட வலம் மாறித்தான் வரும். திருப்பி எழுதி பழகணும், இல்லன்னா எப்படி திருப்புனாலும் ஒன்னா இருக்கற எழுத்தா பாக்கணும். 'ப' அப்படி ஒரு எழுத்து, பாப்பாவுக்கு அதுவே போதுமா இருக்கு.

பீட்ரூட் சாதமும் கலருக்கு நல்லது, ஆனா வதக்கி வதக்கி வேகவெச்சா பழுப்பா போயிரும். துருவி லேசா வதக்கி எறக்கிட்டு கொஞ்சம் எலுமிச்சை விட்டா செவப்பு நிக்கும்.

காலை நேரம் எப்படி ஓடுதுன்னா, ராத்திரியே காய் நறுக்கி, பாத்திரம் எடுத்து வெச்சுட்டு, நாளைக்கு என்னன்னு அவகிட்ட ரெண்டு சாய்ஸ் குடுத்து முடிவு பண்ணிர்றது. ரெண்டுதான் குடுக்கணும், "என்ன வேணும்"னு பொதுவா கேட்டா பீட்சா வேணும்ங்கும். ஆறேகாலுக்கு குக்கர் வெச்சா ஆறு நாப்பதுக்கு சாதம் தாம்பாளத்துல, அது ஆறற நேரத்துல தாளிப்பு, அவள எழுப்பி பல் தேக்க விடறது, ஸ்நாக்ஸ் டப்பாவுக்கு பழம் வெட்டறது. ஏழேமுக்காலுக்கு மூடி. பழத்துல கொய்யா தொல்லை இல்லாதது, சீக்கிரம் கறுக்காது, ஆயக்குடி கொய்யா வர்ற சீசன்ல உப்பு மொளகாத்தூள் தடவி வெச்சா போதும். சுண்டல் வாரத்துக்கு ஒரு நாள், கடலமிட்டாய் எள்ளுருண்டை எப்பவும் ஒரு பாட்டில்ல ரெடியா.

அளவும் ஒரு விஷயம். வீட்ல சாப்புடற அளவுல முக்கால் பங்குதான் வெக்கறேன் இப்ப. வாயடிச்சுக்கிட்டே இருவது நிமிஷத்துல அவளால அதுக்கு மேல முடியாது, காலி டப்பாவோட வந்தா சந்தோசமா வர்றா, மிச்சத்த சாயங்காலம் வந்தவுடனே இட்லியோ அவலோ குடுத்து ஈடு பண்ணிக்கறோம்.

மாசி பங்குனி வெயில் ஏறுனா லிஸ்ட்ட மாத்திரணும். தேங்கா சாதம், உருளைக்கெழங்கு, முட்டை, பருப்பு சோறு எல்லாத்தையும் டப்பாலருந்து எடுத்துட்டு புளி, எலுமிச்சை, தயிர், பொடி இட்லி, பணியாரம்னு சுருக்கிக்கறேன். சின்ன பாட்டில்ல முக்காவாசி தண்ணி ஊத்தி ராத்திரி பிரீசர்ல வெச்சு டப்பா பக்கத்துல பைக்குள்ள சொருகி விட்டா மத்தியானம் வரைக்கும் குளுச்சியா இருக்கு, உருகுனப்பறம் அதையே குடிச்சுக்கலாம்.

இன்னும் சரிப்படாதது சந்தவைதான், இட்லிய அவிச்சு இடியாப்பம் மாதிரி நூல் நூலா புழியற எங்க ஊரு ஐட்டம். எலுமிச்சை சந்தவை ஆறுனாலும் மெத்துன்னு இருக்கும், புளிப்பும் இருக்கு, எல்லா விதத்துலயும் இந்த லிஸ்ட்டுக்குள்ள வரவேண்டிய ஐட்டம், ஆனா காலைல இட்லி அவிச்சு சூடு ஆறறதுக்குள்ள அந்த மரக்கட்டைல போட்டு புழியறதுக்கு ரெண்டு ஆளு வேணும், எனக்கு ஏழு மணிக்கு வேற ஆளில்ல. முந்துன நாளு ராத்திரியே புழிஞ்சு பிரிட்ஜ்ல வெச்சு காலைல ஆவில காட்டி தாளிச்சு பாத்தேன், மேல இருக்கறது நனைஞ்சு போகுது, நடுவுல இருக்கறது வெரப்பாவே இருக்குது. தனித்தனி சின்ன வட்டமா புழிஞ்சு வெச்சா ஆவி எல்லாப்பக்கமும் போகுமான்னு பாக்கணும். யாராச்சும் பண்ணிருந்தா எத்தனை நிமிஷம் ஆவில வெச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க.